சுவரில் மாட்டிய சக்கரவர்த்தி

சக்கரவர்த்திக்குப் பெயரில் மட்டும்தான் சாம்ராஜ்யம். ஆரணியில் பட்டு நெய்கிற தெருவொன்றில் இரண்டு அறை வாடகை வீடு, மனைவி புஷ்பலதா நெய்கிற ஒரு தறி, பெற்ற தாய் பொன்னம்மாள். அவன் ஆண்ட பூமி அவ்வளவுதான். ஆனால் கூத்தில் இறங்கிவிட்டால் கதையே வேறு. அவன் கர்ணனாக வில்லை எடுத்தால் கலசப்பாக்கத்தில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்பார்கள். அவன் போட்ட சத்தம் ஒன்று போளூர் வரைக்கும் போய், திரும்பி வரப் பஸ் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மை.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் சென்னையில் சீரியல் எடுக்கிற ஒருவர் அவனைக் கூப்பிட்டார். கதாநாயகிக்கு அப்பா வேஷம். நாலு வசனம் பேசுவதற்குள் கதையில் அந்த அப்பாவுக்கு மாரடைப்பு. பாடையில் படுத்து எழும்போது அவனைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். பிணமாக நடித்தவன் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும், இல்லையென்றால் ஆயுளுக்கு ஆகாது என்பது அங்கே வழக்கம். அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பையெல்லாம் டிவியில் காட்டுவார்களா?

காட்டியது படத்தைத்தான். கூடத்துச் சுவரில் மாட்ட நல்லதாக ஒரு போட்டோ இருந்தால் கொடுங்கள் என்றார்கள். ஆரணி ஸ்டுடியோவில் எடுத்ததைக் கொடுத்தான். தீபாவளிக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை. அதன் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, எச்சில் தொட்டு அவன் முடியைப் படியவைத்தவள் பொன்னம்மாள். மூக்கும் முழியுமாக விழுந்திருந்த படம். டிவியில் நம் முகம் கொஞ்ச நாள் நிற்கட்டுமே என்ற ஆசை அவனுக்கு.

நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. தினம் சாயங்காலம் அந்தப் படத்துக்குச் சந்தன மாலை, ஊதுபத்தி. கதாநாயகி எதற்கெடுத்தாலும் அதன் முன்னால் போய் நின்று அழுவாள். சக்கரவர்த்திக்கு அப்புறம் கிடைத்ததெல்லாம் பந்தியில் சாப்பிடுகிறவன், பின்னால் நிற்கிற போலீஸ்காரன் மாதிரி வேஷங்கள். ஊரில் மட்டும் அவன் புகழ் குறையவில்லை.

"யக்கா, இங்க பாரேன், செத்துப்போன அப்பா கத்திரிக்கா பொறுக்கிகினு கீறாரு!" என்று மார்க்கெட்டில் பெண்கள் கூவுவார்கள்.

"மேலோகத்துல காய் கெடைக்கலியாண்ணா?" என்பாள் இன்னொருத்தி.

"அங்க வெல ஜாஸ்தி தங்கச்சி" என்று அவனும் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் செல்லவில்லை. முன்பெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்தால் சீரியல்காரர்களைத் திட்டிவிட்டு, மகனுக்கு மிளகாய் சுற்றிப் போட்டவள்தான் பொன்னம்மாள். அவளுக்கு மறதி வந்தது. முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள். டிவியை மறக்கவில்லை. மகன் சென்னைக்குப் போயிருந்த ஒரு நாள் சாயங்காலம், மாலை போட்ட அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் போட்டுவிட்ட பொத்தான், அவள் படியவைத்த முடி. எழுந்து போய்த் திரையைத் தடவினாள். மாரில் அடித்துக்கொண்டு விழுந்தாள்.

அவன் பையோடு வந்து நின்றபோது பாயை விரித்துப் போட்டாள்.

"உக்காருங்க. துக்கம் கேக்க வந்தீங்களா?"

"யம்மா, நான்தாம்மா."

"எம்புள்ள போயிட்டான்யா. நீங்க அவங்கூட ஆடினவரா?"

அவன் எத்தனையோ வேஷம் கட்டியவன். அந்த நேரத்துக்கு ஒன்றும் அகப்படவில்லை. "ஆமாங்க" என்றான்.

டிவியைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். டாக்டரிடம் காட்டினார்கள். அவள் சோற்றைத் தொடவில்லை. கூத்தாடியவன் செத்தால் காரியத்தன்று விடிய விடியக் கர்ண மோட்சம் ஆட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து முறை. குந்தி மடியில் தலைவைத்துக் கர்ணன் மோட்சம் போனால்தான் செத்தவனுக்கும் வழி திறக்கும். அதைக்கூடச் செய்யவில்லையே என்று மருமகளைப் பிடித்துக்கொண்டாள்.

"புருசன் போயிட்டான், இவ பொட்டும் பூவும் வெச்சிகினு தறியில குந்திகினு கீறா. கர்ண மோட்சம் வெக்காம எனக்கு சோறு எறங்குமா?"

கஞ்சித் தம்ளரைத் தட்டிவிட்டாள். ஆள் எலும்பும் தோலுமாகிக்கொண்டே வந்தாள். சக்கரவர்த்தி கூத்து வாத்தியார் சடையனிடம் போய் நின்றான்.

"உசுரோட கீறவனுக்கு காரியக் கூத்தா? இன்னாடா பேஜாரு இது!"

"நானே கர்ணன் கட்றேன் வாத்தியாரே."

"உன் காரியத்துக்கு நீயே ஆடுவியா? வெத்தல பாக்கு யாரு குடுப்பா, எமனா?" என்று கத்தியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஜமாவுல ஆடிப் போய்ச்சேந்த அத்தினி பேருக்கும்னு நெனச்சிகினு ஆடுவோம். உம்பேர என் வாயால சொல்லமாட்டேன்."

"என் தாலியப் பாத்துகினே ஆடப்போறீங்களா?" என்றாள் புஷ்பலதா. பிறகு அவளே வந்து, "அவங்க ஒரு வாய் சாப்ட்டா போதும்" என்றாள். வீட்டு வாசலுக்கு எதிரே தெருவிலேயே கூத்து. அன்று அவள் என்றைக்குமில்லாத பெரிய பொட்டு வைத்து, தலை கொள்ளாத பூவோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

அவனுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. சாகிற கர்ணனைத் தன் மகனென்று குந்தி ஊரறிய அழுகிற இடம் அது. அம்மாவும் அங்கே கண்டுகொள்வாள். அதற்காகவே, சடையன் திட்டத் திட்ட, அரிதாரத்தை மெல்லிசாகப் பூசினான்.

கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் விழுந்தான். குந்தி வேஷக்காரர் உட்காருவதற்குள் பொன்னம்மாள் எழுந்து வந்து அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மிருதங்கம் நின்றது. பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, வீட்டில் கூப்பிடுகிற குரலில் அவன் "யம்மா" என்றான்.

அவள் குனிந்தாள். முந்தானையால் வேர்வையையும் அரிதாரத்தையும் ஒற்றி எடுத்தாள். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் வெளியே வந்தன. வெளிச்சமும் நன்றாக வந்துவிட்டது. அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எம்புள்ள மாதிரியே கூப்புடுற" என்றாள். "நல்லா ஆடின ராஜா. அவன் போய்ச் சேந்துட்டான்."

அழுது தீர்த்தாள். அழுது முடித்ததும் புஷ்பலதாவிடம் கஞ்சி கேட்டாள். ஒரு சொம்பு குடித்தாள். "பாவம், உனக்கும் சின்ன வயசு" என்று மருமகளின் கையைத் தடவினாள்.

சக்கரவர்த்தி கிரீடத்தை அவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்கம்மா இருக்காங்களாப்பா?"

"இருக்காங்க."

"அப்ப இங்க இன்னாத்துக்கு குந்திகினு கீற? ராவெல்லாம் முழிச்சிகினு இருந்திருப்பாங்க. ஜல்தி போ."

அவன் நகரவில்லை. அவள் மறுபடியும் "போப்பா" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு கஞ்சி இறங்கிய வயிறு. அதைக் கலைக்க அவனுக்கு மனம் வரவில்லை. எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தான். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தான். அவன் போகிறானா என்று அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தெருமுனையில் திரும்பினான்.