எந்த ஊர் விமானம்?

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. என் கட்டைவிரலுக்கு மட்டும் இன்னும் ஐந்துதான்.

போன வாரம் ஒரு வீடியோ வந்தது. டேக்-ஆஃப் ஆன சில விநாடிகளில் ஒரு பயணிகள் விமானம் விழுந்து எரிகிறது. முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. 'ஐயோ பாவம்' என்று போட்டு, போனில் இருந்த எல்லோருக்கும் தள்ளிவிட்டேன்.

உடனே மங்கலம்பேட்டையிலிருந்து போன். நூர்ஜஹான் – என் நண்பன் பஷீரின் மனைவி.

"அண்ணே, இது எந்த ஊரு ப்ளேனு?"

"அது வந்து... தெரியலம்மா. ஏன்?"

"உங்க கூட்டாளி இப்பதான் மெட்ராஸ்ல ஏறிட்டேன்னு சொன்னாங்க. போனு போவ மாட்டேங்குதுண்ணே!"

லீவு முடிந்து அவன் துபாய் திரும்புகிற நாள். எனக்கும் தெரியும். தெரிந்துமா...?

செய்தியைத் தேடிப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. மங்கலம்பேட்டைக்குப் பைக்கை எடுத்துவிட்டேன்.

வழியெல்லாம் பஷீரின் முதல் பயணம்தான் மனதில் ஓடியது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பியூஸ் கட்டை செய்துகொண்டிருந்த காலம். யாராவது வெளிநாடு போனால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆள் போவோம். உளுந்தூர்பேட்டை தாண்டி ஓரமாக நிறுத்தி, அண்டாவைத் திறந்தால் பிரியாணி!

மீனம்பாக்கத்தில் வேலியோரம் நின்று, ஏறிய ஒவ்வொரு விமானத்துக்கும் கையாட்டினோம். "டேய் பஷீரு... பாத்துப் போடா!" என்று நான் போட்ட கூச்சலில் போலீஸ்காரரே சிரித்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது – அவன் விமானம் மூன்று மணி நேரம் லேட். யார் யாருக்கோ கையாட்டியிருக்கிறோம்!

விமானம் ஏறிவிட்டால் கவலை முடிந்தது என்று வேனில் தூங்கிக்கொண்டே திரும்பிய நாட்கள் அவை.

விழுந்த இந்த விமானத்துக்கும் யாரோ கையாட்டிவிட்டு, பாதி வழியில்தானே இருந்திருப்பார்கள்? அவர்களுக்கா நான் 'ஐயோ பாவம்' போட்டேன்?

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு டிவி சொல்லிவிட்டிருந்தது – வேறு ஊர், வேறு விமானம். நூர்ஜஹான் நம்பவில்லை.

"டிவியில சொன்னா ஆச்சா? அவங்க பேசட்டும்."

போனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரே நானும். எத்தனை மணி நேரம்...! கடைசியில் அது அடித்தது.

"எறங்கிட்டேன் புள்ள."

அவள் அழுதுவிட்டாள். நான் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"வூட்டுக்கு எப்ப வேணா வாங்கண்ணே. எங்க நம்பர மட்டும் ஒங்க போன்லேருந்து அழிச்சிட்டுப் போங்க."