கல் இருந்த அறைக்குள் நான் போகாத நாட்கள்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஜெர்மனியில் ஒரு நகர அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தேன். மூன்றாம் மாடியின் கடைசி அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கல் இருந்தது. முழங்கால் உயரம், கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் கைபட்டுக் கைபட்டு வழுவழுத்திருந்தது. கடலுக்கு அப்பால் வாழும் பழங்குடி மக்களின் புனிதக் குன்றிலிருந்து யாரோ ஒரு பயணி எப்போதோ பெயர்த்து எடுத்துவந்தது. கீழே ‘வழிபாட்டுப் பொருள்’ என்று ஒரு சின்ன அட்டை.

கல்லைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு அட்டை எதற்கு? அந்த அறைக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்றுவேன். வாளிக்குப் புதுத் தண்ணீர் பிடிப்பேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் என் அண்ணன் இறந்துபோனார். அகதிக்குக் கொடுக்கும் கடவுச்சீட்டில் எங்கும் போகலாம், சொந்த நாட்டைத் தவிர. அதனால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. இங்கிருந்து செய்யக்கூடியதைச் செய்தேன். மச்சம் மாமிசம் விட்டேன். சாவுத் துடக்கோடு, அதாவது தீட்டோடு, கோயிலுக்குள் போகக்கூடாது என்பதால் முப்பத்தொரு நாளும் கோயில் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்தேன். கல் இருந்த அறைக்குள்ளும் போகவில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தது, அழுகை மட்டும் வரவில்லை.

என்னோடு வேலை செய்த மன்னார் அக்கா கத்தோலிக்கர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“தம்பி, அது ஆரோ சனத்தின்ரை சாமி. உம்மடை துடக்கு அதுக்கு விளங்குமோ?”

“எனக்கு விளங்குதே அக்கா.”

“உம்மோடை கதைச்சு வெல்ல ஏலாது. வாளியைத் தாரும், நான் துடைக்கிறன்.”

பத்தாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். அறையில் தூசி படிந்தது. மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார், உள்ளதைச் சொன்னேன். அது வெறும் காட்சிப் பொருள், உங்கள் மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். இருக்கிறது என்றேன். ஒரு வாரத்தில் அப்மானுங் வந்தது. எழுத்தில் தரும் எச்சரிக்கை அது. இன்னொன்று வந்தால் வேலை போகும். வேலை போனால், மனைவியைக் கூப்பிடப் போட்டிருந்த விண்ணப்பமும் சேர்ந்து போகும். பயமாகத்தான் இருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மற்ற அறைகளைத் துடைத்தேன்.

இதற்குள் நகரசபை ஒரு தீர்மானம் எடுத்திருந்தது. அந்தக் குன்று அந்த மக்களின் புனித இடம் என்று இந்த நகரம் ஏற்கிறது, கல் அவர்களிடமே திரும்பிப் போகும் என்று. கல்லை வாங்கிக்கொள்ள மூன்று பேர் வந்தார்கள். எனக்கு அது இருபத்துமூன்றாம் நாள். மேயர் அந்த அறையிலேயே தீர்மானத்தை வாசிப்பதாக ஏற்பாடு. கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவைத்திருந்தார்கள். அக்கா இன்னும் விடுமுறையில். அறையைக் கடைசியாக ஒருமுறை துடைக்கும்படி மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். வாசல்வரை போய் அங்கேயே நின்றுவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து, இதுதான் கடைசி எச்சரிக்கை என்றார். நான் அசையவில்லை.

வந்தவர்கள் அப்போதே மேலே ஏறிவிட்டார்கள். அவர்களில் ஒரு பெண், இந்த மனிதர் ஏன் உள்ளே போகாமல் நிற்கிறார் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அண்ணன் இறந்ததையும் எங்கள் முறையையும் எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்.

“எங்கள் குன்றுக்கு, வீட்டில் சாவு விழுந்தவர்தான் முதலில் வருவார்,” என்றார் அந்தப் பெண். “அந்தப் பக்கம் வழுவழுப்பாக இருப்பது அவர்கள் கைபட்டுத்தான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மரியாதை என்று நினைத்து இத்தனை நாள் பிடிவாதம் பிடித்ததெல்லாம் அவர்கள் முறைப்படி தலைகீழ். துடைப்பத்தை மேற்பார்வையாளர் கையில் கொடுத்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வழுவழுத்த பக்கத்தில் கையை வைத்து அண்ணனின் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது.

தீர்மானத் தாளோடு மேயர் வந்துவிட்டார் என்பது சத்தத்தில் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் கையை நீட்டி வாசலை மறித்து நின்றார். நான் அழுது முடிக்கும்வரை மேயர் வெளியே நின்றார்.