கோரிப்பாளையத்து வெளிநாட்டுக்காரன்

கல்லூரியில் படித்தபோது மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறையில் நானும் அவனும் தங்கியிருந்தோம். அவன் மணிப்பூர் மலைப்பக்கம். வந்த ஒரு வருஷத்துக்குள் தமிழ் பிடிபட்டுவிட்டது, ஆனால் அத்தனையும் டீக்கடைத் தமிழ். பெரியவர்களை மாமா என்று கூப்பிட்டால் மரியாதை என்று எவனோ சொல்லிக்கொடுக்க, வீட்டு ஓனரைப் போய் வாய் நிறைய 'மாமா' என்று கூப்பிட்டான். கல்யாண வயதில் மகளை வைத்திருந்த மனிதர் அரண்டுபோனார். அதன்பிறகு அந்தப் பெண் துணி காயப்போடக்கூட மாடிக்கு வரவில்லை.

வெளியே அவனுக்கு ஒரே பெயர்தான், சைனா. வகுப்பிலும் அதுதான், மெஸ்ஸிலும் அதுதான். கேட்டால் செல்லமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். அவன் சிரித்துக்கொள்வான். எனக்குத்தான் சுள்ளென்று ஏறும். என் ஊர் டி. கல்லுப்பட்டிக்குப் பக்கம். ஊர்ப் பேரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வரும். சாதியைக் கேட்காமல் கேட்கிற கேள்வி அது. எவ்வளவு இனிமையாகச் சிரித்துக்கொண்டு அதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் சைனா என்றவனிடமெல்லாம் மல்லுக்கு நின்றேன். என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அவன் வேலையாக இருந்தது. அப்படி ஒரு பொறுமைசாலியை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

கடைசி வருஷம் தொடங்கும் நேரம், கல்லூரி நிர்வாகம் மாணவர் சேர்க்கைக்காக கோரிப்பாளையம் சந்திப்பில் பெரிய பிளக்ஸ் வைத்தது. பஸ் சிக்னலில் நின்றபோது பார்த்தோம். கால்பந்து பனியனோடு அவன் சிரிக்கிறான். கீழே, 'வெளிநாட்டு மாணவர்களும் விரும்பிப் பயிலும் கல்லூரி'. அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். அறைக்கு வந்ததும் பரணிலிருந்து பையை இறக்கினான்.

"ஊருக்குப் போறேன் மாப்ள. பசங்க சொன்னா சிரிச்சிட்டுப் போயிருவேன். இப்ப காலேஜே சொல்லுது."

இன்னும் ஒரு வருஷம் இருந்தால் பட்டம். அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறான். நான் முதல்வரிடம் ஓடினேன். படம் நன்றாகத்தானே இருக்கிறது, அவனுக்கு இது பெருமைதானே என்றார் அவர். குரலை உயர்த்தினேன் என்று எனக்கு எச்சரிக்கை கிடைத்ததுதான் மிச்சம்.

வகுப்பில் போய்ச் சொன்னேன். மதுரைக்காரனுக்கு ஒரு பிளக்ஸுக்குத் தெரிந்த பதில் இன்னொரு பிளக்ஸ்தான். அவன் பிறந்தநாளுக்கு இன்னும் நாள் கிடந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சைனா என்று கூப்பிட்டவர்களே முன்னால் நின்றார்கள். மறுநாள் எங்கள் தெரு டீக்கடைக்கு எதிரே, வேட்டியும் கூலிங்கிளாஸுமாக அவன் நின்றான், பக்கத்தில் தேவையே இல்லாமல் ஒரு சிங்கம். 'எங்க ஊர்க்காரனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து.' அடியில் எங்கள் முகங்கள், ஸ்டாம்ப் அளவில். 'இப்படிக்கு, பங்காளிகள்.'

அவனைக் கீழே கூட்டிவந்து காட்டினேன். சிங்கத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டான். கடைசி வரியில் மட்டும் நின்று, பங்காளி என்றால் என்ன என்று கேட்டான்.

"ஒரே வீட்டு ஆளு. வீட்டுல, நிலத்துல பங்கு கேக்கலாம். கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் வேலை பார்த்த வீடு எங்களுடையது. பங்கு கேட்க எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. அந்தச் சொல்லை அதுவரை நான் விளையாட்டுக்குத்தான் சொல்லியிருந்தேன்.

அவன் டீயைக் குடித்து முடித்தான். மறுநாள் காலையில் தனியாகவே முதல்வர் அறைக்குள் போனான். என்னை உள்ளே விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டான். கதவு திறந்துதான் இருந்தது. தான் வெளிநாடு இல்லை, அந்தப் போர்டை எடுத்துவிட வேண்டும் என்று அதே டீக்கடைத் தமிழில் கேட்டான். முதல்வர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் பேசினார்.

"நீதான் ஊருக்குப் போறேன்னு சொன்னாங்களே தம்பி. போற ஆளுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"போகல சார். எனக்கு இங்க பங்கு இருக்கு."