இரவல் பேரில் ஆடியவர்

காத்தமுத்து ஆறடி மூன்று அங்குலம். தாடிக்கொம்புப் பக்கத்தில் கனகாம்பரம் போடுகிற குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்த உயரம் எதற்கு? செடி முழங்காலுக்குத்தான் வரும். பறிக்கக் குனிந்தால் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். “ஒட்டகத்தப் பெத்துட்டு பூப்பறிக்க அனுப்புறேனே” என்று அவருடைய அம்மா பேச்சாயி புலம்பியதில் ஒரு நியாயம் இருந்தது.

படிக்க அனுப்பிய திண்டுக்கல் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை. ஆனால் மைதானத்தில் ஒரு கூடைப்பந்துக் கம்பம் நின்றது. அதைப் பார்த்த நாளிலிருந்து, உலகத்திலேயே தன் அளவுக்குச் செய்து வைத்த ஒரே பொருள் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். பத்தாவதில் தவறினார், பந்து தவறவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. மில்காரர்கள் தங்களுக்குள் கூடைப்பந்துப் போட்டி வைத்து முறுக்கிக்கொண்டு திரிந்த காலம். மஸ்டர் ரோல் என்கிற ஆஜர்ப் பட்டியலில் பேர் இருக்கிற தொழிலாளிதான் ஆடலாம் என்பது விதி. விதி என்று ஒன்று இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்து இருக்காதா? நல்ல ஆட்டக்காரனை வெளியிலிருந்து கூட்டி வருவார்கள். மஸ்டர் ரோலில் இருக்கிற யாரோ ஒரு அப்பாவியின் பேரை அவனுக்குச் சூட்டுவார்கள். நடுவர் பட்டியல் வாசிக்கும்போது அந்தப் பேருக்கு “ஆஜர்” சொல்ல வேண்டும். பேருக்கு உண்மையில் சொந்தக்காரன் அன்றைக்கு மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எல்லா மில்லும் இதைச் செய்ததால் யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.

இப்படிக் காத்தமுத்து ஊர் ஊராகப் போய் ஆடினார். பஸ் சார்ஜும் சாப்பாடும் கொஞ்சம் கைச்செலவும் கொடுத்தால் போதும், வந்துவிடுவார். ஒரு நூற்பாலைக்குப் பொன்னழகு ஆனார். விருதுநகரில் ஒரு பஞ்சுப் பேட்டைக்குச் சோலைமலை. கடைசியாக, திண்டுக்கல்லிலேயே தோல் பதனிடுகிற ஒரு பெரிய தோல் ஷாப்புக்கு ஆறு வருடம் சாகுல் ஹமீது. முதல் முறை அந்தப் பேரில் இறங்கியபோது எதிரணிக்காரன் ஒருவன் காதருகே வந்து, “என்னப்பு பொன்னழகு, எப்பப் பள்ளிவாசலுக்குப் போனே?” என்று கேட்டான். காத்தமுத்து அவன் தலைக்கு மேலேயே பந்தைப் போட்டுப் பதில் சொன்னார்.

அசல் சாகுல் ஹமீது அந்தத் தோல் ஷாப்பில் குமாஸ்தா. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே, உருண்டை உடம்பு. ஆட்ட நாளில் அவருக்குச் சம்பளத்தோடு லீவு. டூரிங் டாக்கீஸில் உட்கார்ந்து நிலக்கடலை கொறிப்பார். இவர் வியர்வை சிந்துவார், பேப்பரில் அவர் பேர் வரும், சர்டிபிகேட்டும் அவர் வீட்டுக்கே போகும். அரைக்கிறவன் ஒருத்தன், குடிக்கிறவன் ஒருத்தன் என்பது இதுதான்.

ஐம்பத்தேழில் கோவில்பட்டியில் நடந்த இறுதி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் பாதி மைதானத்திலிருந்து காத்தமுத்து ஒரு பந்தை வீசினார். விழுந்தது. ‘திண்டுக்கல் சாகுல் ஹமீதின் அற்புதக் கூடை’ என்று மறுநாள் பேப்பரில் வந்தது. அதைப் பூட்டுக்கடை கிதர் முகம்மது படித்தார். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள், கமர்ஜஹான். விசாரித்து மாப்பிள்ளை பார்க்கப் போனவர், அசல் சாகுலின் உயரத்தைப் பார்த்து முதலில் திகைத்தார். பிறகு, இந்தக் குள்ள உடம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு கூடை போட்டிருக்கிறான் என்றால் எப்பேர்ப்பட்ட திறமை என்று மேலும் பூரித்துப் போனார். கல்யாணம் நடந்தது. மாமனார் கடைக்கு வருகிறவரிடமெல்லாம் மாப்பிள்ளையின் ஆட்டத்தைச் சொல்வார். பக்கத்தில் சாகுல் தேள் கொட்டிய திருடனைப் போல உட்கார்ந்திருப்பார்.

அறுபதில் காத்தமுத்துவின் முழங்கால் திரும்பிக்கொண்டது. மண் தரையில் குதித்துக் குதித்து ஆடிய கால், அதற்கு மேல் தாங்கவில்லை. எந்தத் தோல் ஷாப்பும் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. பூ மண்டிக்குச் சைக்கிளில் மூட்டை கொண்டுபோகிற வழியில் ஏதாவது பள்ளிக்கூட மைதானம் தெரிந்தால் நிற்பார். “ஏலே, முழங்கைய உள்ள வையி! கண்ண ரிங்குல வையி!” என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கத்துவார். அந்த உயரத்துக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை. பையன்கள் அப்படியே செய்வார்கள், பந்தும் விழும். வாட்ச்மேன் வந்து விரட்டுவார். ஆடாமல் இருந்த அந்த மூன்று வருடமும் அவருக்குச் சோறு ருசிக்கவில்லை.

அறுபத்து மூன்றில் அந்த வட்டாரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி புதிதாக மைதானம் போட்டு, கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேண்டும் என்று அறிவித்தது. காத்தமுத்து முதல் ஆளாகப் போய் நின்றார். தாளாளர் நல்லுசாமி வத்தலக்குண்டில் காய்கறி மண்டி வைத்து வளர்ந்தவர்; எதையும் நிறுத்துப் பார்த்தே வாங்குவார்.

“எத்தன வருசம் ஆடிருக்கீக?”

“ஒம்பது வருசமுங்க.”

“சர்டிபிகேட்டு?”

 ஒன்பது வருடத்துச் சர்டிபிகேட்டும் யார் யார் வீட்டுச் சுவரிலோ ஆணியடித்துத் தொங்கின. ஒன்றில்கூட அவர் பேர் இல்லை.

கமிட்டியில் கிதர் முகம்மதுவும் இருந்தார். கம்பம் நட்டுக் கொடுத்ததே அவர்தான். “அட, எதுக்குத் தேடுறீக? எம் மாப்பிள்ள இருக்காருல்ல! சம்பளமே வேணாம், கௌரவமா வந்து சொல்லிக் குடுப்பாரு. ஞாயித்துக்கிழம மொதப் பந்த அவரு கையால போடச் சொல்லுவோம்” என்றார். சம்பளம் வேண்டாம் என்ற சொல் நல்லுசாமிக்குத் தேனாக இனித்தது. காத்தமுத்துவின் வேலையைக் காத்தமுத்துவின் புகழே தட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்று சாயங்காலம் காத்தமுத்து சாகுல் வீட்டுக்குப் போனார்.

“மாப்ள, ஆறு வருசம் ஒம்பேருல ஆடுனேன். ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்பக் கேக்குறேன். இந்த வேல போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. உண்மையச் சொல்லிரு.”

சாகுல் கைகளைப் பிசைந்தார். “மாமா வெட்டிப் போட்டுருவாரு மாப்ள! பந்தப் பாத்துத்தான் பொண்ணே குடுத்தாரு. இவளுக்குத் தெரிஞ்சா…”

காப்பியோடு வந்த கமர்ஜஹான் சிரித்தாள். “எனக்குக் கல்யாணமான மூணாம் நாளே தெரியும். கருவேப்பிலையச் சட்டியில போடச் சொன்னா அடுப்புல போடுற ஆளு. இவுக பாதி மைதானத்துலருந்து போட்டாகளாம்! ஞாயித்துக்கிழம சொல்லிருங்க. எங்க அத்தாட்ட மீதிய நான் பேசிக்கிறேன். நீங்க காப்பியக் குடிங்கண்ணே.”

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் தோரணம், மைக்செட், ஊர்ப் பெரியவர்கள். சாகுல் மைக்கைப் பிடித்தார். “நான் ஒரு ஆட்டம்கூட ஆடுனதில்லீங்க. எல்லாம் இந்தா நிக்கிற காத்தமுத்து ஆடுனது.”

கூட்டம் கை தட்டியது. “பாத்தீங்களா தன்னடக்கத்த!” என்று மாமனார் உருகினார். பந்தைச் சாகுலின் கையில் திணித்தார்கள். சாகுல் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். அது கம்பத்தின் பக்கம்கூடப் போகாமல் நல்லுசாமியின் குடையில் போய் விழுந்தது.

“கல்யாணத்துக்குப் பொறகு பழக்கம் விட்டுப்போச்சு” என்றார் கிதர் முகம்மது, குரல் இறங்கி.

காத்தமுத்து பொறுக்கமாட்டாமல் பந்தை எடுத்தார். கோட்டில் நின்று ஐந்து முறை போட்டார். ஐந்தும் விழுந்தன.

நல்லுசாமி அசையவில்லை. “கூடையில போடுறது என்னங்க பெரிசு? எங்க மண்டியிலதான் தக்காளிய நாளெல்லாம் கூடையில போடுறான். பெரிய ஆட்டத்துல ஆடுனதுக்கு என்ன அத்தாட்சி?”

காத்தமுத்து பந்தைக் கீழே வைத்துவிட்டு, நொண்டி நொண்டி வாசலைப் பார்த்து நடந்தார். இனி பூ மூட்டைதான், வேறு வழியில்லை என்று நினைத்தார்.

கிதர் முகம்மதுவுக்கோ ஊர் முன்னால் மானம் போன ஆத்திரம். என்றைக்கும் “மாப்பிள்ள” என்றே கூப்பிடுகிறவர், குடையை நிமிர்த்திக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்து முறை மறந்து கத்தினார்.

“ஏய், சாகுல் ஹமீது!”

மருமகன் பயத்தில் தலையைத் தூக்கவில்லை. வாசலருகே போய்விட்ட காத்தமுத்து சட்டென்று திரும்பினார். நொண்டிக் கால் மடங்கியது, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் விரிந்தன. “இந்தா, இங்க போடு!” என்று பந்து கேட்டார்.

 யாருக்கும் அதற்கு மேல் அத்தாட்சி தேவைப்படவில்லை. கிதர் முகம்மது அந்த நெட்டை உருவத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

“கோயில்பட்டியில கடைசிப் பந்து…?”

“நாந்தாங்க பாய்.”

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். “அப்ப நீ எங்கடா இருந்த?”

“டூரிங் டாக்கீசுல மாமா.”

முதலில் கமர்ஜஹான்தான் சிரித்தாள். பிறகு மைதானமே சிரித்தது. கிதர் முகம்மது கொஞ்ச நேரம் மீசையை முறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. “பொண்ணத்தான் ஆள் மாத்திக் குடுத்துட்டேன். அது நல்லாத்தான் இருக்கு, போகட்டும். நல்லுசாமி, வேலையையாவது ஆள் பாத்துக் குடுங்க. சம்பளத்தோட!” என்றார்.

நல்லுசாமி அங்கேயே ஒரு தாளை எடுத்து உத்தரவு எழுத உட்கார்ந்தார். “பேரு சொல்லுங்க.”

ஒன்பது வருடத்தில் எத்தனை பேருக்கோ ஆஜர் சொன்ன வாய் அது. இப்போது வெறும் முணுமுணுப்புத்தான் வந்தது.

“சத்தமாச் சொல்லுங்க, காது கேக்கல.”

“காத்தமுத்து” என்றார் அவர். ஒரு கூடைப்பந்து மைதானத்தில் நின்று தன் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, முப்பத்து நாலு வயது மனிதர், எல்லாரும் பார்க்க அழுதார்.