பச்சையம்மாளிடம் நின்ற புரோகிராம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் உட்கார்ந்து, மூன்று பேர் ஒரு கம்ப்யூட்டரை முறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் யாரையும் முறைக்கவில்லை. ‘பிழை ஏதும் இல்லை’ என்று ஆங்கிலத்தில் பவ்யமாகச் சொன்னது. சரியென்று ஓடவிட்டார்கள். மூன்று விநாடி. திரை கறுப்பு.

மறுபடியும் முதலிலிருந்து. பிழை இல்லை. ஓடவிட்டால்... கறுப்பு.

கம்ப்யூட்டர் தெரியாத வாசகர்கள் பயப்பட வேண்டாம். எழுதிய புரோகிராமை இயந்திரம் தன் பாஷைக்கு மாற்றிக்கொள்வதற்கு ‘கம்பைல்’ என்று பெயர். அப்போது இலக்கணத்தை மட்டும்தான் அது சரிபார்க்கும். எங்கள் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்துபவர் ‘சரி’ போட்டு அனுப்பும் செய்தி மாதிரி. ஒற்றுப்பிழைகூட இருக்காது. ஆனால் அதில் காலமானவர், மறுநாள் காலை பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி ரிசப்ஷனில் நிற்பார்.

நான் எப்படி அங்கே போனேன்? அந்த மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தும் முதலாளி சத்யா எனக்குப் பழக்கம். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். ஊருக்கு வெளியே அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலைக்காக இவர்கள் புரோகிராம் செய்திருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்களுக்கும் வாசலில் காட்டுகிற கேட் கார்டைக் கம்ப்யூட்டரே அடித்துக் கொடுக்கும். மாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலைக்கு ஆளெடுக்கிற பர்சனல் ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார். “நீங்களும் வந்து பாருங்க, உங்க பத்தியில நாலு வரி எழுதுங்க” என்று சத்யா கூப்பிட்டிருந்தார்.

முறைத்த மற்ற இருவர் ரமேஷ், எஸ்தர். ரமேஷ் சேலத்துக்காரர், டீம் லீடர். புரோகிராம் எழுதுவது அவர். ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது எஸ்தர். தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகிற பெண். அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. ஓட்டிப் பார்ப்பவர் தப்பைப் பேப்பரில் எழுதிக் கொடுக்கலாம். புரோகிராமைத் தொடக் கூடாது. எஸ்தருக்கு ஆறு மாத புரொபேஷன். அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

“நேத்து ஓடுச்சே!” என்றார் ரமேஷ்.

“நேத்து பத்து பேர வெச்சு ஓட்டுனீங்க சார். இன்னிக்கு நானூத்திப் பன்னண்டு பேரு.”

“பத்து பேருக்கு ஓடுறது நானூறு பேருக்கு ஓடாதா? பஸ்ஸாம்மா இது?”

வைத்தியங்கள் ஆரம்பமாயின. இயந்திரத்தை அணைத்துப் போட்டார்கள். வேறு இயந்திரத்தில் போட்டார்கள். வைரஸ் இருக்கிறதா என்று தேடினார்கள். சத்யா சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார் — தினமும் ஏற்றுகிற நேரம்தான் என்று என்னிடம் விளக்கம் வேறு. இந்த அமளியில் எஸ்தர் மட்டும் மூலை இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தாள். தொழிலாளர் பட்டியலைப் பாதியாக வெட்டினாள்.

முதல் இருநூற்றாறு பேர். ஓடவிட்டாள். கறுப்பு. அதில் பாதி, நூற்று மூன்று. ஓடியது! அப்படியானால் கோளாறு நூற்று நான்கிலிருந்து இருநூற்றாறுக்குள். அதையும் பாதி. அதிலும் பாதி. மாம்பழக் கூடையில் எந்தப் பழம் அழுகியது என்று பார்க்கக் கூடையைக் கொட்டிக் கவிழ்க்காமல், பங்கு பிரித்துப் பிரித்து மோந்து பார்க்கிற வேலை. ஒன்பதாவது தடவை ஒரே ஒரு ஆளிடம் வந்து நின்றாள்.

நூற்று நாற்பத்தெட்டு. பச்சையம்மாள். பேக்கிங் பிரிவு.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு முழுப் பட்டியலையும் ஓட்டினாள். நூற்று அறுபத்து மூன்று வரை ஓடி விழுந்தது. அது முனியம்மா. அவரும் பேக்கிங்.

“ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன சார் இருக்கு?” என்றாள்.

“பேக்கிங்” என்றார் ரமேஷ்.

“என்ன இல்ல?”

அவர் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்தில் ‘சர்நேம்’ என்று குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். காலி.

விஷயம் இதுதான். கார்டு எண்ணை உண்டாக்க, இந்தப் புரோகிராம் சர்நேமின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்கிறது. பட்டியலின் தலைமாட்டில் இருந்த ஆபீசர்களுக்கு ராவ், ஷெட்டி, ரெட்டி என்று ஏதாவது இருந்தது. எம். முருகன் மாதிரி ஆட்களுக்கு, டைப் அடித்தவர் இனிஷியலைச் சர்நேம் கட்டத்தில் போட்டுக் காப்பாற்றிவிட்டார். இனிஷியலும் இல்லாமல் வெறும் பெயரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள்? அங்கே புரோகிராம், இல்லாத படியில் காலை வைத்து விழுந்தது. எஸ்தர் எண்ணினாள். முப்பத்தேழு பேர்.

“டேட்டா தப்பு” என்றார் ரமேஷ் நிம்மதியாக.

“டேட்டா சரி சார். ரெஜிஸ்டர்ல இப்பிடித்தான் இருக்கு. புரோகிராம்தான் தப்பு.”

“சர்நேமே இல்லாம யாராச்சும் இருப்பாங்களாம்மா?”

“உங்களுக்கே இல்லையே சார். ரமேஷ் பழனிசாமின்னு மேஜையில போர்டு வெச்சிருக்கீங்க. பழனிசாமி உங்கப்பா.”

எனக்கு இருமல் வந்தது. இந்தக் குற்றத்தை நானும் செய்தவன். ஈ-மெயில் வாங்கப் போன இடத்தில் ‘கடைசிப் பெயர் கட்டாயம்’ என்றதும் மறுபேச்சில்லாமல் அப்பா பெயரைத் தட்டினேன். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது ‘அன்புள்ள’ என்று அவருக்குத் தினம் இரண்டு கடிதமாவது வருகிறது.

மணி இரண்டரை. சத்யா பொறுமை இழந்தார். “கொஞ்சம்... ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடும்மா. முப்பத்தேழு பேருக்கும் அந்தக் கட்டத்துல ஏதாச்சும் ஒண்ணு போட்டுடு.”

“குமார் போடலாம் சார். எல்லாருக்கும் செட் ஆகும்” என்றார் ரமேஷ்.

“நான் போட மாட்டேன்” என்றாள் எஸ்தர்.

 சத்யா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

“ஏன்?”

“அது அவங்க பேரு இல்ல சார். புரோகிராம்ல மூணு வரி மாத்துனா போதும்.”

“இப்ப போய் புரோகிராம்ல கை வெச்சா வேற எங்கியாச்சும் உடைஞ்சிடும்” என்றார் ரமேஷ். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பிறகு கேட்டார்: “உனக்கு ஏம்மா இவ்வளவு ரோஷம்? அவங்கள்லாம் உன் சொந்தக்காரங்களா?”

“இல்ல சார். லிஸ்ட்ல இருக்காங்க.”

சத்யா குரலைத் தாழ்த்தினார். “சனிக்கிழமை உனக்கு கன்ஃபர்மேஷன். ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார். தெனம் ரயில்ல வர்றப்ப அதத்தான் நெனச்சுக்கிட்டு வர்றேன்.”

கடைசியில் ரமேஷே உட்கார்ந்து தட்டினார். இருபது நிமிஷத்தில் முப்பத்தேழு குமார்கள். ஓடவிட்டார். ஓடியது! நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தடையில்லாமல் ஓடினார்கள். சத்யா கைதட்டினார். “எழுதிக்கோங்க” என்றார் என்னிடம்.

எழுதிக்கொண்டேன். ‘எஸ்தர் கைதட்டவில்லை. ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போகிறாள்.’

நாலு பத்துக்கு ராமய்யா வந்தார். அத்திபெலே ஆள், பர்சனல் ஆபீசர், சட்டைப் பையில் மூன்று பேனா. காபி குடித்தார். திரையைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பிரிண்டர் கரகரவென்று பட்டியலைத் துப்பியதும் பேப்பரைக் கையில் வாங்கினார். ஆபீசர்கள் இருந்த பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, நேரே பேக்கிங் பிரிவில் விரலை வைத்தார். வேலைக்கு எடுத்தவர் அவர்தானே?

“யாருப்பா இது பச்சையம்மாள் குமார்?”

 விரல் கீழே இறங்கியது.

“முனியம்மா குமார்... எல்லம்மா குமார்... மாதம்மா குமார்... ஏன்ரீ சத்யா, எல்லாரையும் ஒரே ஆளுக்குக் கட்டி வெச்சுட்டீங்களா?”

“ஒரு டெக்னிகல்...” என்று ஆரம்பித்தார் ரமேஷ்.

“அட்டெண்டன்ஸ் மஸ்டர்ல ஒரு பேரு, பி.எஃப்.ல ஒரு பேரு, கேட்ல ஒரு பேரு. நாளைக்கு பி.எஃப். ஆபீஸ்ல போயி அந்தம்மா ‘நான்தான் பச்சையம்மா’ன்னு நின்னா எவன் நம்புவான்? சாட்சி சொல்ல நீங்க வர்றீங்களா?”

பேப்பரை மடித்து மேஜையில் வைத்தார். எழுந்திருக்கப் போகிற ஆளின் மடிப்பு அது.

“சார், இதுல ஒரு தடவ ஓட்டிக் காட்டட்டுமா?”

மூலையிலிருந்து எஸ்தர். ரமேஷ் திரும்பிப் பார்த்த பார்வையை நான் அச்சில் ஏற்ற முடியாது. அவள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கேட்டபடியே ஃபிளாப்பியைச் செருகினாள். “பேரு எதுவும் மாத்தல. புரோகிராமத்தான் மாத்தியிருக்கேன். கட்டம் காலியா இருந்தா பேரோட முதல் எழுத்தையே எடுத்துக்கும்.”

ஓடியது. பிரிண்டர் மறுபடி கரகரத்தது. நூற்று நாற்பத்தெட்டாவது வரி வரும்போது நான் எழுந்து நின்றே பார்த்தேன்.

பச்சையம்மாள். அவ்வளவுதான். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

“இது எங்க பச்சையம்மா” என்றார் ராமய்யா. உட்கார்ந்தார். இன்னொரு காபி கேட்டார்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு நின்றுபோன புரோகிராம் எவ்வளவு யோக்கியமானது! தெரியாத இடம் வந்ததும் ‘எனக்குத் தெரியாது’ என்று விழுந்துவிட்டது. மூன்று மணிக்கு ஓடியதே, அதுதான் ஆபத்து. முப்பத்தேழு பொய்யைத் தின்றுவிட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு ஜம்மென்று ஓடியது. நம் ஊரில் எத்தனை ஆபீஸ், எத்தனை விண்ணப்பம், எத்தனை கட்டம்... எல்லாம் ‘நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது’ என்கிறார்கள். உள்ளே எத்தனை குமார்களோ? ஒரு பெயர் கட்டத்தில் அடங்கவில்லை என்றால் திருத்த வேண்டியது பெயரையா?

‘அட்ஜஸ்ட்’ என்பது இந்த நகரத்தின் செல்ல வார்த்தை. எனக்கும் பிடிக்கும். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக உட்கார அதைப்போல வேறு வார்த்தை கிடையாது. ஆனால் கவனித்துப் பாருங்கள். நகர்ந்து உட்காரச் சொல்வது எப்போதும் ஓரத்தில் இருப்பவரைத்தான்.

ராமய்யா போனதும் எஸ்தரைக் கூப்பிட்டார் சத்யா. நான் கிளம்பவில்லை, பத்திரிகைக்காரனுக்குக் கிளம்பும் நேரம் தெரியாது.

“சட்டம் சட்டம்தான். பர்மிஷன் இல்லாம புரோகிராமைத் தொட்டுட்டே. ஒரு சாரி லெட்டர் எழுதிக் கொடு, சனிக்கிழமை ஆர்டர் வாங்கிக்கோ.”

“பர்மிஷன் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?”

சத்யா யோசித்தார். நல்ல மனுஷர், உண்மையைச் சொன்னார். “இல்ல.”

“அப்ப எழுத முடியாது சார்.”

“வேலை போனா?”

“வேற வேலை தேடுவேன். லெட்டர் எழுத மாட்டேன்.”

பையை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். நடை சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தது.

சத்யா என் பக்கம் திரும்பினார். “இதெல்லாம் எழுதாதீங்க. புரோகிராம் நல்லா ஓடிச்சுன்னு மட்டும் எழுதுங்க.”

மன்னிக்கவும் சத்யா, எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை சத்யாவுக்கு ராமய்யாவிடமிருந்து போன் வந்திருக்கிறது. திங்கட்கிழமை அத்திபெலேயில் புரோகிராமைப் போட்டுக் கொடுக்க அந்தப் பெண்தான் வர வேண்டும், வேறு யாரும் வேண்டாம் என்று. நேற்றுச் சனிக்கிழமை. இன்று காலை மனசு கேட்காமல் சத்யாவுக்கு நானே போன் செய்தேன்.

“ஆர்டர் கொடுத்தீங்களா?”

“கொடுத்தாச்சு சாமி, கொடுத்தாச்சு.”

“மன்னிப்புக் கடிதம்?”

“அது இன்னும் வரல.”

வராது.