ஒதுங்கச் சொல்லி அடித்த லைட் அல்ல

குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருக்கிறேன். குளிர்காலத்தில் முதலாளி குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போட்டுத் தங்கும். இந்த முறை படுக்கை, சமையலறையோடு கூடிய பெரிய வேனை ஓட்டினேன். உள்ளே முதலாளியின் மூன்று பிள்ளைகள். பின்னால் அந்தப் பிள்ளைகளுடைய அம்மாவின் கார், முன்சக்கரங்கள் மட்டும் வேனோடு மாட்டிய ஒரு சின்ன இழுவை வண்டியில் ஏறியிருக்க, பின்சக்கரங்கள் ரோட்டில் உருண்டு வரவேண்டும்.

கிளம்பியதிலிருந்தே வண்டி இழுக்கவில்லை. எதிர்க்காற்று என்று நினைத்து இன்னும் மிதித்தேன். பின்னால் ஒருவன் ஹெட்லைட் அடித்தான். இங்கே அதற்கு ஒதுங்கு என்று அர்த்தம். ஒதுங்கினேன். அடுத்தவனும் அடித்தான்.

"கடைசி லேன்லதானடா போறேன், இன்னும் எங்க ஒதுங்குறது?" என்று கத்தினேன்.

ஒரு பாகிஸ்தானி லாரிக்காரர் பக்கத்தில் வந்து, "பாய், பீச்சே ஆக்!" என்று அலறினார்.

பின்னால் நெருப்பு! நிறுத்தி ஓடினேன். காரின் பின்சக்கரம் புகைந்து, லேசாகத் தீயும் பிடித்திருந்தது. காரை ஏற்றிவிட்டு இறங்கும்போது பழக்கதோஷத்தில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டிருக்கிறேன்! லாரிக்காரரின் தீயணைப்பான்தான் காப்பாற்றியது.

இப்போது ஹேண்ட்பிரேக்கை இறக்கியாயிற்றா என்று பார்க்காமல் கிளம்புவதில்லை. யார் லைட் அடித்தாலும் ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கிறேன். பெரும்பாலும் வெறும் அவசரக்காரர்கள்தான். பார்த்து முடித்த பிறகுதான் திட்டுகிறேன்.