பிரேக் பிடித்தது யார்?

கொழும்பில் வியாபாரம் செய்யும் என் தம்பி, போன மழைக்காலத்தில் ஒரு புது ஜீப்பில் சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கினான். எங்கள் வாசலில் என் கணவரின் பழைய பிக்கப் நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. தம்பி சாவியை நீட்டி, "மச்சான், ஒலுவில் வரைக்கும் ஓட்டிப் பாருங்களே" என்றான். அவர் மறுக்கவில்லை.

எனக்கும் அதில் ஒரு கணக்கு இருந்தது. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்த பிறகு அவருடைய கண்ணில் எனக்குச் சந்தேகம். டாக்டரிடம் போவோம் என்றால் எரிந்து விழுவார். வயலுக்கும் அந்தப் பிக்கப்தான், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அதே பிக்கப்தான். அதைப் பழக்கத்திலேயே ஓட்டிவிடுவார். புது வாகனத்தில் உண்மை தெரிந்துவிடும் என்று நினைத்து முன்சீட்டில் ஏறினேன்.

ஒன்றும் தெரியவில்லை. பிக்கப்பில் ஒளிவு மறைவு கிடையாது. கியர் மாற்றினால் என் முழங்காலில் இடிக்கும். பிரேக் பிடித்தால் கதவு, கண்ணாடி, பின்னால் கிடக்கும் மண்வெட்டி எல்லாம் சேர்ந்து சத்தம் போடும். இந்த ஜீப்பிலோ நிந்தவூர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. காலை லேசாக வைத்ததற்கே பாய்ந்தது. தெருக்கோட்டை விட்டு விலகினால் அவர் கையிலிருந்த சுக்கான் தானாகத் திரும்பியது. அவர் திறமாகத்தான் ஓட்டினார். அல்லது அது ஓட்டியது.

திரும்பும்போது மஃரிபு தொழுகை நேரம் நெருங்கி இருட்டத் தொடங்கிவிட்டது. வயல்வெளிக்கு நடுவே ஒரு கறுப்பு மாடு தெருவில் ஏறியது. என்னவோ கீச்சென்று கத்தியது, சிவப்பு வெளிச்சம் மின்னியது, பெல்ட் என் நெஞ்சை இறுக்கியது. ஜீப் நின்றுவிட்டது. மாடு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

"பாத்தீங்களா மச்சான், அதுவே பிரேக் புடிக்கிது" என்றான் பின்சீட்டில் இருந்த தம்பி.

"நான்தான் புடிச்ச."

"இல்ல மச்சான், வாகனம்."

"என்ட காலு எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவர் காலை எங்கே பார்த்தேன்? மாட்டையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இறங்கியதும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு நெருக்கினேன். "தெரியா ராத்தா. ரெண்டும் ஒண்டாப் புடிச்சாலும் இப்பிடித்தான் நிக்கும்" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வெளிச்சமும் சத்தமும் உள்ள வாகனத்துக்கு, பிரேக் பிடித்தது யாரென்று சொல்ல மட்டும் வாயில்லை.

அவர்தான் பிடித்தார் என்றால் நான் வீணாகச் சந்தேகப்படுகிற பெண்சாதி. ஜீப்தான் பிடித்தது என்றால், நாளைக் காலையில் பேத்தி ஏறப்போகிற பிக்கப் தானாக நிற்காது. எதை நம்புவதென்று தெரியாமல் குசினி அடுப்புக்கும் முன்வாசலுக்குமாக நடந்தேன்.

அவர் தொழுதுவிட்டு வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தம்பி வெளியே போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ளதச் சொல்லு புள்ள. குறுக்க வந்தது மாடா, மனுசனா?"

"மாடு" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிக்கப் சாவிக்காகக் கையை நீட்டினேன். சேர்ட் பைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.